மிரட்டுவது ஒன்று, ஆளைச் சாய்ப்பது இன்னொன்று!

சுங்குவார்சத்திரத்தில் புதியவர்களும் பூச்சிகளும்

மழை விட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு புது வீடு. மாடியில் விளக்கு எரிகிறது. எங்கிருந்தோ ஒரு பூச்சி வந்து விளக்கைச் சுற்றுகிறது. பிறகு பத்து. பிறகு நூறு. கொஞ்ச நேரத்தில் விளக்கே தெரியவில்லை!

உள்ளே இருப்பவர் கொரியா தேசத்து எஞ்சினியர். ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கதவைச் சாத்துகிறார். ஜன்னலைச் சாத்துகிறார். கதவிடுக்கில் துண்டைத் திணிக்கிறார். அப்படியும் பூச்சிகள் உள்ளே வந்து சட்டையில் விழுகின்றன. சோற்றுத் தட்டில் விழுகின்றன. அவர் பதறிப்போய்க் காவல்காரரைக் கூப்பிடுகிறார்.

காவல்காரர் ஓடி வந்து பார்க்கிறார். அவருக்குச் சிரிப்பு வருகிறது.

"சார், ஈசல் சார்! கடிக்காது. விளக்கை அணைச்சுடுங்க, போயிடும்!"

விளக்கு அணைகிறது. ஆனால் எஞ்சினியருக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தால் தரை முழுவதும் இறக்கைகள். காவல்காரர் துடைப்பத்தை எடுத்து வந்து அள்ளிக் கொட்டுகிறார்.

மழைக் காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் எந்த இரவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. கடிக்காத பூச்சிக்குப் பயந்து ஒரு மனிதர் இரவெல்லாம் விழித்திருக்கிறார். அதே வீட்டில், மாடிப்படிக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் மூடி இல்லாமல் நிற்கிறது. அதில் தெளிந்த தண்ணீர். தண்ணீரில் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிகின்றன. அவற்றை எஞ்சினியரும் பார்ப்பதில்லை, காவல்காரரும் பார்ப்பதில்லை.

அங்கேதான் கதை இருக்கிறது.

பெயருக்கு ஏற்ற ஊர்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வருவது சுங்குவார்சத்திரம். சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். இன்று அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் ஊர் இருக்கிறது.

1996-ஆம் ஆண்டு கொரியாவின் ஹூண்டாய் கம்பெனி, அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை அமைக்கத் தொடங்கியது. 1998-ல் அங்கிருந்து முதல் கார் வெளியே வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல தொழிற்சாலைகள் வந்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. டெலிபோன், டெலிவிஷன், கார்ச் சாமான்கள் என்று இந்த வட்டாரத்தில் செய்யாத பொருள் இல்லை.

வேலை இருக்கும் இடத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். கொரியாவிலிருந்து வருகிறார்கள், ஜப்பானிலிருந்து வருகிறார்கள். ஒரிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கத்திலிருந்து வாலிபர்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட ஒரு விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம் என்றால், வந்து தங்கும் கூட்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இவர்கள் எல்லாருக்கும் இது புது ஊர். சிலருக்குப் புது நாடு. பாஷை புதிது, சாப்பாடு புதிது, வெயில் புதிது. ஆனால் வந்த முதல் இரவே வரவேற்க ஓடி வருபவை பூச்சிகள்தான்!

ஏரியும் விளக்கும்

இங்கே இவ்வளவு பூச்சி ஏன்?

பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்று சொல்வார்கள். காஞ்சிபுரமும் ஸ்ரீபெரும்புதூரும் அதில் அடங்கியவை. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஏரி; ஏரிக்குக் கீழே நெல்வயல். அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கினால் ஏரியும் வாய்க்காலும் நிரம்பும். தண்ணீரும் புல்லும் இருக்கும் இடத்தில் பூச்சிக்குப் பஞ்சம் இல்லை.

ஏரிக்கரையை ஒட்டித் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே விடிய விடிய வேலை; விடிய விடிய விளக்கு. இருட்டில் திரிந்த பூச்சிகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன.

பூச்சி ஏன் விளக்கைச் சுற்றுகிறது? 2024-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகிறது. பூச்சி பறக்கும்போது தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துக்கொள்ளுமாம். இரவில்கூட மண்ணைவிட ஆகாயமே வெளிச்சம். ஆகவே முதுகு மேலே, வயிறு கீழே என்று நேராகப் பறக்கும். மனிதன் விளக்கு ஏற்றினால் அந்தக் கணக்குத் தப்பிவிடுகிறது. விளக்கை ஆகாயம் என்று எண்ணி, அதற்கு முதுகைக் காட்டிச் சுற்றிச் சுற்றியே களைத்து விழுகிறது. விளக்கின் மேல் ஆசை வைத்து அது வரவில்லை. வழி தவறி மாட்டிக்கொள்கிறது!

வெள்ளை விளக்குக்குத்தான் பூச்சி அதிகம். வாசலில் மஞ்சள் விளக்குப் போட்டாலே பாதித் தொல்லை குறையும்.

பயமுறுத்தும் சாதுக்கள்

பார்த்தவுடன் பதற வைக்கும் பூச்சிகளில் பல, பரம சாதுக்கள்.

ஈசல் என்பது வேறு ஒன்றும் இல்லை. இறக்கை முளைத்த கறையான். மழை பெய்து மண் நெகிழ்ந்ததும், ஜோடி தேடிப் புற்றைவிட்டுப் புறப்படுகிறது. ஜோடி கிடைத்ததும் இறக்கையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் புகுந்து புதுக் குடித்தனம் தொடங்குகிறது. அது யாரையும் கடிப்பதில்லை. பெரும்பாலானவற்றைப் பல்லியும் தவளையும் குருவியும் தின்றுவிடும்.

பிள்ளைப்பூச்சி இன்னொரு சாது. முன்கால்கள் இரண்டும் மண்வெட்டி மாதிரி. ஈர மண்ணைக் குடைந்து குடைந்து போகும். கைக்குள் மூடினால் விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். அந்தக் குறுகுறுப்பில் கையை உதறாதவர்கள் இல்லை!

சுவரில் மண்ணால் கூடு கட்டும் குழவியைக் கண்டும் புதியவர்கள் அஞ்சுகிறார்கள். அது தனியாகத் திரியும் குழவி. புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கி, கூட்டுக்குள் வைத்து, தன் குஞ்சுக்குச் சாப்பாடு சேர்க்கும். தொந்தரவு செய்யாதவரை மனிதன் பக்கம் திரும்பாது. வீட்டில் குழவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று கிராமத்துப் பாட்டிமார் சொல்வார்கள். பிள்ளை பிறக்கிறதோ இல்லையோ, கூட்டைக் கலைக்காமல் விட்டால் செடியைத் தின்னும் புழு குறையும்.

கடிக்காமலே சுடும் பூச்சி

இதோ ஒரு விசித்திரம். கடிக்காது, கொட்டாது. ஆனால் உடம்பைச் சுட்டுவிடும்!

பார்ப்பதற்கு நீண்ட எறும்பு மாதிரி இருக்கும். உடம்பில் கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறிப் பட்டை போட்டது போல் தெரியும். வயலிலும் ஈரத் தரையிலும் வாழும் சிறு வண்டு இது. மழைக்குப் பின் விளக்கைத் தேடி அறைக்குள் வரும். ஆப்பிரிக்காவில் இதை நைரோபி ஈ என்கிறார்கள்.

கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று அரைத் தூக்கத்தில் 'பட்'டென்று அடிக்கிறோம். வண்டு நசுங்குகிறது. அதன் உடம்பில் இருக்கும் நஞ்சு தோலில் படுகிறது. அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்துச் சூடு போட்ட மாதிரி சிவந்து, கோடாகக் கொப்புளம் எழும்பும். சிலந்தி கடித்ததோ, அக்கியோ என்று மயங்குவார்கள்.

செய்ய வேண்டியது என்ன? நசுக்கக் கூடாது. வாயால் ஊதித் தள்ளவேண்டும்; அல்லது ஒரு காகிதத்தில் ஏறவிட்டு வெளியே உதறவேண்டும். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். அந்தக் கையால் கண்ணைத் தொடவே கூடாது. படுக்கும் முன் படுக்கையை உதறிப் போடுவது நல்லது.

இந்த வண்டு வயலில் பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவுகிறது. வயலில் நண்பன், படுக்கையில் வம்பன்!

உண்மையாகவே கொட்டுபவை

எல்லாமே சாது என்று இருந்துவிடவும் முடியாது.

கதண்டு என்கிற பெருங்குழவி கூட்டமாக வந்து கொட்டும். பனை மரத்திலும் பாழடைந்த கட்டடத்திலும் பெரிய கூடு கட்டும். ஒன்று கொட்டினால் வலி. பல கொட்டினால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு ஒரே கொட்டில் மூச்சுத் திணறும், முகம் வீங்கும். அவர்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டின் மேல் கல்லெறிவது, நெருப்பு வைப்பது எல்லாம் வினையை விலைக்கு வாங்குவது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் அவர்கள் வந்து அகற்றுவார்கள். ஜப்பான்காரர்களுக்கு இதைப்பற்றிப் பாடம் சொல்லத் தேவையில்லை. அவர்கள் நாட்டுக் கதண்டு இதைவிடப் பெரியது!

தேளும் பூரானும் பூச்சி இனமே அல்ல. பூச்சி என்றால் ஆறு கால். தேளுக்கு எட்டு, பூரானுக்கு எண்ண முடியாத கால். காலையில் ஷூவை மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டினால் இரண்டிடமிருந்தும் தப்பலாம். குழந்தையைத் தேள் கொட்டினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது.

புதர் மண்டிய காலிமனைகளில் இன்னொரு பேர்வழி உண்டு. கண்ணுக்கே தெரியாத குட்டி உண்ணி. அது கடித்தால் வலிக்காது. சில நாள் கழித்துக் காய்ச்சல் வரும். இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அதை டாக்டரிடம் காட்டவேண்டும். இந்த உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் உண்டு. கொரியாவிலும் ஜப்பானிலும் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். காலம் தாழ்த்தினால் உயிரைக் குடிக்கும்.

மூட்டைப்பூச்சியோ மானத்தை வாங்கும். நோய் எதையும் பரப்புவதாகத் தெரியவில்லை. ஒருவர் எழுந்து வேலைக்குப் போக, அதே பாயில் இன்னொருவர் வந்து படுக்கும் அறைகளில் அதற்குக் கொண்டாட்டம். பாயையும் தலையணையையும் நல்ல வெயிலில் காயப்போட்டு, துணிகளைக் கொதிக்கும் நீரில் நனைக்க வேண்டும்.

ஒருவர் பயம் இன்னொருவர் பலகாரம்

பூச்சியைக் கண்டு அருவருப்பதும் அருவருக்காததும் பழக்கத்தைப் பொறுத்தது.

ஈசலைக் கண்டு நடுங்கும் கொரியருக்கு, அவர் ஊர்க் கடைத்தெருவில் பிடித்தமான தின்பண்டம் ஒன்று உண்டு. பெயர் பொன்டெகி. அது என்ன தெரியுமா? வேகவைத்த பட்டுப்புழுக் கூட்டுப்புழு! காஞ்சிபுரம் சேலைக்குப் பட்டு நூல் கொடுக்கிறதே, அதே புழுதான். சேலையை நாம் உடுத்துகிறோம். புழுவை அவர்கள் உண்கிறார்கள்.

ஒரிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தார் மரத்தில் கூடு கட்டும் செவ்வெறும்பை உப்பு, மிளகாய், பூண்டு வைத்து அரைத்துச் சட்னி செய்கிறார்கள். 2024 ஜனவரியில் அந்தச் சட்னிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாமரத்துச் செவ்வெறும்பைக் கண்டு நாம் பத்தடி தள்ளி நிற்கிறோம். மயூர்பஞ்ச் வாலிபருக்கு அம்மாவின் கைச்சமையல் நினைவுக்கு வரும்.

நாம் மட்டும் என்ன? ஈசலைப் பிடித்து, வறுத்து, பொரியோடு சேர்த்துத் தின்ற தலைமுறை தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. ஆகவே யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

மலாயாவுக்குப் போன நம்மவர்

புது நாட்டுக்குப் போய்ப் பூச்சியிடம் அகப்பட்டவர்கள் கொரியர் மட்டும் அல்ல. நம் பாட்டன்மாரும்தான்.

நூறு ஆண்டுகளுக்கு முன், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்கள் மலாயாவுக்குப் போனார்கள். ரப்பர்த் தோட்டத்தில் கூலி வேலை. அடர்ந்த காடு. புலி இருக்குமோ, பாம்பு இருக்குமோ என்று பயந்து பயந்து போனார்கள். புலியிடமும் பாம்பிடமும் இறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கொத்துக் கொத்தாகச் சாய்த்தது மலேரியாக் காய்ச்சல்.

அந்தக் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதை நம் நாட்டில்தான் கண்டுபிடித்தார்கள். அல்மோராவில் பிறந்த ரொனால்டு ராஸ் என்ற டாக்டர், 1897 ஆகஸ்ட் 20-ந் தேதி செகந்திராபாத்தில், ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மலாயாவில் கிள்ளான் ஊரில் இருந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர், இதைக் கேட்டதும் காரியத்தில் இறங்கினார். 1901-ல் ஊரைச் சுற்றி இருந்த சதுப்பு நிலத்தை வடியவைத்தார். புதரை வெட்டினார். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. சமவெளித் தோட்டங்களிலும் அப்படியே செய்தார்கள். அங்கும் பலன் கிடைத்தது.

அடுத்து மலைச்சரிவுத் தோட்டங்கள். அங்கும் காட்டை வெட்டி வெளிச்சம் வரச் செய்தார்கள். என்ன ஆயிற்று? காய்ச்சல் குறையவில்லை, கூடிவிட்டது!

வாட்சன் காரணத்தைத் தேடினார். சமவெளியில் இருந்த கொசு நிழலான சேற்றில் முட்டையிடும் ஜாதி. மலையில் இருந்தது வேறு ஜாதி. அதற்கு வேண்டியது வெயில் படும் தெளிந்த ஓடை. காட்டை வெட்டியதும் ஓடைமேல் வெயில் விழுந்தது. கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்ததாயிற்று! பிறகு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியாக விட்டார்கள். நீரின்மேல் எண்ணெய் தெளித்தார்கள். அதன் பிறகே மலைத் தோட்டங்களிலும் காய்ச்சல் அடங்கத் தொடங்கியது.

பயங்கரமாகத் தெரிந்தது இருண்ட காடு. ஆளைக் கொன்றதோ கண்ணாடி போன்ற தண்ணீர்!

இலங்கையிலும் இதே பாடம். 1934-ல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, ஆங்காங்கே தெளிந்த குட்டைகளாக நின்றன. அந்தக் குட்டைகளில் கொசு பெருகியது. 1934, 1935-ல் பரவிய மலேரியாவில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். எண்பது ஆண்டு பாடுபட்டு, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று இலங்கை பெயர் வாங்கியது. அதே ஆண்டு மன்னாரில் ஒரு புதுக் கொசு பிடிபட்டது. சென்னையில் மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் அதே ஜாதி. ஆக, நம் ஊர்க் கொசுவும் இன்னொரு நாட்டுக்குப் போய்ப் புதியவராக நிற்கிறது!

வெள்ளை வளையல்காரி

இப்போது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பீப்பாய்க்குத் திரும்புவோம்.

அதில் வளர்வது ஏடிஸ் என்னும் கொசு. இதுவும் வந்தேறிதான். ஆப்பிரிக்காவில் பிறந்து, கப்பல் தண்ணீர்ப் பீப்பாய்களில் ஏறி உலகம் சுற்றியது. கறுத்த உடம்பு, கால்களில் வெள்ளை வளையங்கள். கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை போட அதற்கு இரத்தம் வேண்டும்.

சாக்கடையில் பிறக்கும் கொசு இரவில் காதருகே ரீங்காரம் செய்து எழுப்பிவிடும். இது அப்படி இல்லை. சத்தம் காட்டாமல் வந்து கணுக்காலில் கடிக்கும். அதுவும் பகலில்! விடிந்தபின் சில மணி நேரமும், பொழுது சாயும் முன் சில மணி நேரமும் அதன் சாப்பாட்டு வேளை. டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது இதுதான்.

இங்கேதான் தொழிற்சாலை ஊருக்குத் தனி ஆபத்து இருக்கிறது. இரவு ஷிப்டு முடிந்து காலையில் அறைக்கு வருகிறார் ஒரு தொழிலாளி. அசதியில் படுத்துத் தூங்குகிறார். பகல்தானே என்று கொசுவலை கட்டுவதில்லை. கொசுவுக்கு அதுதான் பசி நேரம். பகலில் உறங்குபவருக்கே வலை மிகவும் அவசியம்!

இரண்டாவது ஆபத்து தண்ணீர். லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில், கிடைத்தபோது பிடித்து வைக்கிறார்கள். பீப்பாய், குடம், வாளி எல்லாம் நிறைகின்றன. தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். சுத்தமான தண்ணீரைத்தான் இந்தக் கொசு தேடுகிறது. வீசி எறிந்த டயர், தேங்காய்த் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கட்டட வேலைத் தொட்டி, எதையும் அது விடுவதில்லை. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும்.

மூன்றாவது ஆபத்து பாஷை. "தண்ணீரை மூடி வையுங்கள்" என்று தமிழில் எழுதிய பலகை, ஒரிசா வாலிபருக்கு வெறும் கோடுகள். பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பீப்பாயைக் காட்டினால் ஒரு நொடியில் புரியும். கொசுவுக்கு மாநிலமும் தெரியாது, பாஷையும் தெரியாது. அவர் அறையில் பிறந்த கொசு நம் குழந்தையைக் கடிக்கும். நம் வீட்டில் பிறந்தது அவரைக் கடிக்கும்.

காய்ச்சல் விட்டால் பயம் விட்டதா?

டெங்குக்குத் தனி மருந்து கிடையாது. கடுமையான காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி ஆகியவை அடையாளங்கள். ஓய்வும், நிறையக் கஞ்சி, இளநீர் போன்ற நீராகாரமும் வேண்டும். ஆஸ்பிரின், புரூபன் மாத்திரைகளை வாங்கி விழுங்கக் கூடாது. இரத்தக் கசிவு அதிகமாகும்.

பலர் ஏமாறுவது ஓர் இடத்தில்தான். மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்குகிறது. சரியாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்புகிறார்கள். உண்மையில் ஆபத்து தொடங்குவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 104 என்ற எண்ணில் யோசனை கேட்கலாம். அவசரம் என்றால் 108.

தனி அறையில் காய்ச்சலோடு படுத்திருக்கும் வெளியூர்க்காரருக்கு இதைச் சொல்ல அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. அடுத்த அறைக்காரரே கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

புதியவருக்கு ஏன் வீங்குகிறது?

"உங்களைக் கடித்தால் ஒன்றும் ஆவதில்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி வீங்குகிறது?" என்று வெளிநாட்டார் கேட்பது உண்டு. கடிக்கும்போது கொசு தன் எச்சிலைத் தோலில் விடுகிறது. அந்த ஜாதிக் கொசுவின் எச்சில் உடம்புக்குப் புதிது என்றால் தடிப்பு அதிகம். பலமுறை கடிபட்டபின் உடம்பு பழகிவிடுகிறது. நோய்க்கு மட்டும் உடம்பு அப்படிப் பழகுவதில்லை என்பதை உள்ளூர்க்காரர்கள் மறக்கக் கூடாது.

இரத்தம் இனிப்பானவரைத்தான் கொசு கடிக்கும் என்பது வீண் பேச்சு. மூச்சுக் காற்று, வியர்வை வாசனை, உடம்புச் சூடு இவற்றை வைத்தே கொசு ஆளைத் தேடுகிறது.

ஜப்பானியருக்கு இங்கே பெட்டிக் கடையில் ஒரு பழைய நண்பர் காத்திருக்கிறார். அதுதான் கொசுவர்த்திச் சுருள்! அதைக் கண்டுபிடித்த நாடே ஜப்பான்தான். உயேயாமா எய்ச்சிரோ என்பவர் ஒருவகைச் சாமந்திப் பூவின் தூளைக் கொண்டு 1890-ல் ஊதுவத்தி போல் செய்தார். அது சீக்கிரம் எரிந்து முடிந்தது. பாம்பு போல் சுருட்டினால் என்ன என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி யூகி. 1902-ல் சுருள் கடைக்கு வந்தது. ஆனால் மூடிய அறையில் அந்தப் புகை மார்புக்குக் கெடுதல். அதைவிட வலை நல்லது.

வாரம் ஒரு நாள்

பீப்பாயை மூடினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பீப்பாயின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சாகாது. காய்ந்துபோய் மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே வாரம் ஒரு நாள் பீப்பாயைக் காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் காயவைக்க வேண்டும். பிறகு நீர் பிடித்து, துணி கட்டி மூடவேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் வந்து தொட்டியைப் பார்க்கவேண்டும் என்றால் கதவைத் திறந்துவிட வேண்டும்.

இதற்குச் செலவு இல்லை. படிப்பு வேண்டாம். பாஷையும் வேண்டாம். பத்து நிமிஷ வேலை.

சத்திரத்துக்கு வந்தவரைக் காப்பது சத்திரத்தார் கடமை. சத்திரத்தைச் சுத்தமாக வைப்பது வந்தவர் கடமை. கொரியரும் பீகாரியும் அஸ்ஸாமியரும் தமிழரும் ஒரே தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஊரில், இதை ஆளுக்கு ஒரு பக்கமாகச் செய்ய முடியாது, சேர்ந்துதான் செய்யவேண்டும்.

விடிந்துவிட்டது. காவல்காரர் ஈசல் இறக்கையைப் பெருக்கி முடித்துவிட்டார். துடைப்பம் இன்னும் கையில்தான் இருக்கிறது. மாடிப்படி பத்தடி தூரம்.

அந்தப் பத்தடியை அவர் நடந்துவிட்டால் போதும்!